சட்டைக்குள் மறையும் தழும்பு

சும்மா இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைத்தான் வீட்டில் பார்க்கிறேன் என்பது அவள் கட்சி.

இதய அறுவை சிகிச்சை நடக்கும்போது நோயாளியின் இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதை ஓட்டுவது என் தொழில். அதற்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் 'பம்ப்காரர்' ஏகாம்பரம்தான். சமீபத்தில் இதே படிப்புப் படிக்கும் பிள்ளைகள் சிலர் திருவள்ளூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். விலா எலும்புகளுக்கு நடுவே சில ஓட்டைகள், அவற்றின் வழியே மெல்லிய இயந்திரக் கைகள் நுழைந்து இதயத்தில் தையல் போடுகின்றன. "சார், பம்ப் இல்லாம ஆபரேஷன் பண்ற பழக்கம் உங்க காலத்துலதானே வந்துச்சு? வேலை போயிடும்னு பயமா இல்லையா?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதிலைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கிரேன் ஆபரேட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிகிற கதை இல்லை அது.

நான் தொழில் படித்தது சென்னையில். அந்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குழாய் மாட்டினேன், திட்டு வாங்கினேன், திரும்ப மாட்டினேன். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தேன். அதுவரை இதய ஆபரேஷன் என்றால் ஒரே வழிதான். கழுத்துக் குழியில் இருந்து வயிற்றின் மேல்பகுதி வரை கீறி, நெஞ்செலும்பை ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, பம்பை ஓட்டுவது. முடிந்ததும் எலும்பைக் கம்பியால் கட்டி மூடுவார்கள். எலும்பு கூடும்வரை மாதக்கணக்கில் கனமான எதையும் தூக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், மீதிப் பேர் நெல் விளைவிக்கிறவர்கள். தூக்காமல் யாருக்கு என்ன பிழைப்பு?

அங்கேதான் டாக்டர் கிருபாகரனிடம் வந்து சேர்ந்தேன். இடது மார்புக்குக் கீழே, விலா எலும்புகளின் இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்குக் கூட வராத ஒரு வெட்டுப் போட்டு, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்திலேயே புது ரத்தக்குழாயைத் தைக்கும் வித்தையைக் கற்று வந்திருந்தார். எல்லோருக்கும் அது ஆகாது. இதயத்தின் முன்பக்கக் குழாய் ஒன்றில் மட்டும் அடைப்பு இருந்தால் செய்யலாம். குதிரை லாடம் போன்ற ஒரு கருவியை இதயத்தின் மேல் அழுத்தி வைப்பார். சுற்றிலும் இதயம் துள்ளிக்கொண்டிருக்க, லாடத்துக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடம் மட்டும் அடங்கி நிற்கும். தலைமுடியை விட மெல்லிய நூலால் அங்கே தைப்பார். எலும்பைப் பிளப்பதும் இல்லை, பம்ப் ஓட்டுவதும் இல்லை.

பம்ப் இல்லையென்றால் நான் எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது. முதல் தடவை அவரிடமே கேட்டேன். "நீ எப்பவும் போல பம்ப்பை நிரப்பி வெச்சிட்டு உக்காருய்யா" என்றார். பம்பைத் தயார் செய்வது என்றால் குழாய்கள் முழுவதும் திரவம் நிரப்பி, ஒரு காற்றுக் குமிழி கூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். மற்ற இடங்களில் இந்த மாதிரி ஆபரேஷனுக்குக் குழாய்களை உலர்வாகவே வைத்திருப்பார்கள், தேவைப்பட்டால் நிரப்பிக்கொள்ளலாம் என்று. கிருபாகரன் அதற்கு ஒப்பவே மாட்டார். "நிரப்புற வரைக்கும் மூளை காத்துக்கிட்டு இருக்குமாய்யா?" என்பார். ஆக ஒவ்வொரு தடவையும் நான் நிரப்புவேன், உட்காருவேன், கடைசியில் அத்தனையையும் கழற்றிக் குப்பையில் போடுவேன். போகும்போது தோளில் தட்டி, "இன்னிக்கும் உனக்கு வேலை இல்ல. போய் நல்லா சாப்பிடு" என்பார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரையும் வாய்யா, போய்யா, ஏம்மா என்றுதான் கூப்பிடுவார். அதில் கோபம் கிடையாது, அவர் நிம்மதியாக இருக்கிறார் என்று அர்த்தம். அவர் வாயில் மரியாதை வந்தால்தான் ஆபத்து. "கொஞ்சம் சக்ஷன் குடுங்க" என்றால் உறிஞ்சியெடுக்கும் அளவுக்கு ரத்தம் கசிகிறது. "தயவுசெய்து பேசாம இருங்க" என்றால் நோயாளி கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டரைப் பார்க்காமலே அவர் பேச்சை வைத்து நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம்.

தனசேகர் வந்தது ஒரு வெயில் காலத்தில். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பாலையில் கிரேன் ஆபரேட்டர். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், நாற்பதைத் தாண்டிய வயது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நோயாளியைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். உயரமும் எடையும் தெரிந்தால்தான் பம்ப் எவ்வளவு ரத்தம் ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட முடியும்.

"நீங்க உள்ள இன்னா சார் பண்ணுவீங்க?" என்றார்.

"பம்ப் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"பம்பே வேணாம்னாரே பெரிய டாக்டரு?"

"வேணாம்தான். வேணும்னா அந்த நிமிஷமே வேணும்."

தனசேகர் சிரித்தார். "நம்ம பொழப்பு மாரியே கீது சார். நானும் மேல கேபின்ல ஒக்காந்துகினே இருப்பேன். கீழ சிக்னல்மேன் ஒருத்தன் நிப்பான். லேடில்னு பெரிய வாளி, அதுல இரும்பு தண்ணி மாரி கொதிச்சிகினு இருக்கும். பொகை, சத்தம், ஒண்ணும் காதுல வுழாது. அவன் கைய மட்டும்தான் பாப்பேன். மொதலாளியே வந்து கத்துனாலும் திரும்ப மாட்டேன்." படுக்கையில் உட்கார்ந்தபடியே சைகைகளைக் காட்டினார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே பார்த்து மெல்ல அசைத்தால் இறக்கு. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால் எதையும் அசைக்காதே. பேசும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. தரையில் நடக்கிறவர்களைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பரிதாபம் கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், இந்த வெட்டு சட்டைக்கு வெளிய தெரியாதுல்ல?" என்றார்.

"தெரியாது. மார்புக்குக் கீழ வரும்."

"பனியனோட நின்னா?"

"நின்னாலும் தெரியாது."

மனிதர் முகம் தெளிந்துவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி காஞ்சனாவின் முகம் தெளியவில்லை. நான் வெளியே வந்ததும் அந்த அம்மா பின்னாலேயே வந்தார். "சார், கம்பெனில மஞ்சக்காமாலைன்னு சொல்லிகினு வந்துகீறாரு. நாட்டு மருந்து சாப்ட ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டாரு. நெஞ்சுன்னு தெரிஞ்சா மேல ஏத்த மாட்டாங்களாம்."

எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலை என்றால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஊருக்குப் போய்க் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பில்லாத மோர்ச்சோறு தின்று, உடம்பு தேறி வருவார்கள். டாக்டர் சீட்டு கேட்கிற மேஸ்திரியைக்கூட 'இவன் எல்லாம் ஒரு மனுஷனா' என்றுதான் பார்ப்பார்கள். தனசேகர் யோசித்துத்தான் பொய் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு அந்தக் கொதிக்கும் இரும்புதான் கண்ணில் நின்றது. மேலே இருப்பவருக்கு நெஞ்சு அடைத்தால் கீழே இருப்பவர்கள் கதி என்ன?

நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நோயாளியின் விஷயத்தை அவருடைய டாக்டரிடம் சொல்வதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை நாளா சின்ன வெட்டு, சின்ன வெட்டுன்னு பெருமைப்பட்டோம். அது இப்படி மறைக்கவும் உதவும்னு தோணலையே" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு அவன் ஆபரேட்டர் இல்லய்யா, நோயாளி. மொதல்ல பொழைக்கட்டும். அப்புறம் அவனோட சண்டை போட்டுக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. சின்ன வெட்டு. நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஓடும் ரத்தக்குழாயை, இதயத்தில் தைப்பதற்காக, பொறுமையாகப் பிரித்தெடுத்தார். லாடத்தை வைத்தார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தையல் போட வேண்டுமானால் அடைப்புள்ள குழாயில் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். பெரும்பாலான இதயங்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். தனசேகரின் இதயம் பொறுக்கவில்லை. மானிட்டரில் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு சட்டென்று கலைந்து கிறுக்கலானது. இதயம் துடிக்கவில்லை, வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது.

முன்பே ஒட்டி வைத்திருந்த பட்டைகள் வழியாக மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். கோடு திரும்பி வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கலைந்தது.

"மேடம், தயவுசெய்து ஹெப்பாரின் முழு டோஸ் போட்டுடுங்க" என்றார் கிருபாகரன், மயக்க மருந்து டாக்டரிடம். அந்தத் 'தயவுசெய்து'வைக் கேட்டதும் என் கால்கள் தானாக எழுந்து நின்றன. ஹெப்பாரின் என்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அது முழுதாக உடம்பில் ஏறாமல் பம்பை ஓட்டினால் ரத்தம் குழாயிலேயே கட்டியாகிவிடும்.

எதிரே நின்ற உதவி டாக்டர், "சார், பம்புக்குத் தொடை வழியா குழாய் போட்டுடலாமா? நெஞ்சைத் திறக்க வேண்டாமே. வெட்டு வெளியே தெரியக்கூடாதுன்னு பேஷன்ட் அவ்வளவு கேட்டுக்கிட்டாரே" என்றார். அது தப்பான யோசனை இல்லை. ஆனால் தனசேகர் பீடி குடித்துக் குடித்துத் தொடைக் குழாய்களையும் சுருக்கி வைத்திருந்தார். அதில் வழி தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

"அவர் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்குங்க" என்றார் கிருபாகரன். "ரம்பம் குடுங்க."

சின்ன வெட்டு ஆபரேஷனானாலும் பெரிய ஆபரேஷனுக்கான கருவித் தட்டு பக்கத்திலேயே திறந்து இருக்கும். நர்ஸ் கை அதன் மேல்தான் இருந்தது. கழுத்துக் குழியில் இருந்து கீறினார். ரம்பத்தின் சத்தம் நின்றதும் ஒரு கையால் இதயத்தைப் பிசைந்துகொண்டே மறு கையால் வேலை பார்த்தார். உதவி டாக்டர் எலும்பை விரித்துப் பிடித்தார். பெரிய தமனியில் ஒரு குழாய், இதயத்தின் வலது அறையில் ஒரு குழாய். நான் என் குழாய்களை நீட்டினேன். இணைக்கும் இடத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"ஹெப்பாரின் போயிடுச்சா மேடம்?" என்று கேட்டேன்.

"முழுசா போயிடுச்சு."

கிருபாகரன் என் பக்கம் திரும்பினார். "ஓட்டுங்க சார்" என்றார்.

அத்தனை வருடத்தில் என்னை அவர் சார் என்றதில்லை. கவ்விகளை எடுத்துவிட்டுப் பம்பைச் சுழற்றினேன். கறுத்த ரத்தம் கீழே வந்தது, சிவந்து மேலே போனது. அழுத்தம் காட்டும் கோடு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. நாற்காலியை யாரோ தள்ளிவிட்டிருந்தார்கள், நின்றபடியே ஓட்டினேன். ஓய்ந்த இதயத்துக்கு நிம்மதி கிடைத்ததும் அடுத்த அதிர்ச்சியில் அது ஒழுங்குக்கு வந்தது. அதன் பிறகு அவர் நிதானமாகத் தைத்தார். கடைசித் தையலை முடித்துவிட்டு, "ஏன்யா, பயந்துட்டியா?" என்றார். அந்த 'யா'வைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகமூடி போட்டிருந்ததால் மானம் தப்பியது.

வார்டுக்கு மாற்றிய பிறகு நானும் டாக்டரும் பார்க்கப் போனோம். தனசேகர் நெஞ்சுக் கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உசுர குடுத்துட்டு கேபின் சீட்ட புடுங்கிகினீங்களே சார்" என்றார்.

கிருபாகரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சின்ன வெட்டாவே முடிஞ்சிருந்தாலும் உன்னை மேல ஏற விட்டிருக்க மாட்டேன்யா. உன் மஞ்சக்காமாலை எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"நான்தான்" என்றேன். தனசேகர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நமக்குள் ஒரே பொழப்பு என்று சொன்ன மனிதர்.

காஞ்சனாதான் பேசினார். "மேல ஒக்காந்தா இன்னா, கீழ நின்னா இன்னா. ஊட்டுக்கு வந்து சேர்ந்தா போதும் எனக்கு."

"ஒனக்குப் போதும். பதினஞ்சு வருசமா மேல ஒக்காந்தவன் கீழ நின்னுகினு அண்ணாந்து பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பிழைத்துவிட்டார் என்று சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன். அப்படி ஒரு குழப்பம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது மிச்சக் கதையைக் காஞ்சனா சொன்னார். கணவர் பக்கத்திலேயே உம்மென்று உட்கார்ந்திருந்தார். "ஊட்டுக்கு வந்ததும் அந்த வெயில்லயும் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுகினு ஒக்காந்திருந்தாரு சார். ஒரு ஞாயித்துக்கெழமை கம்பெனி ஆளுங்க திமுதிமுன்னு வந்துட்டாங்க. ஆளுக்கு ஒரு கட்டு கீழாநெல்லி கையில. ஒருத்தரு மோரு கூட வாங்கினு வந்திருந்தாரு. இவுரு தண்ணி குடுக்கலாம்னு செம்பு எடுக்க குனிஞ்சாரு. காலர் வெலகிச்சு, அவ்ளோதான். 'இன்னாடா தனசேகரு, மஞ்சக்காமாலைய நெஞ்ச அறுத்தா எடுக்குறாங்க?'ன்னு கேட்டுட்டாங்க."

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. காஞ்சனாவும் சிரித்தார். தனசேகர் சிரிக்கவில்லை. கம்பெனியில் விஷயம் தெரிந்து, கேபின் வேலை போனது. ஆளை அனுப்பாமல், கீழே சிக்னல்மேனாக நிற்கிறாயா என்று கேட்டார்களாம். "ரெண்டு நாளா சோறு எறங்கல இவுருக்கு" என்றார் காஞ்சனா. நடக்கவிட்டு இதயத்தைச் சோதித்துப் பார்த்தபின், சில மாதங்கள் கழித்து அந்தச் சிக்னல்மேன் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். தனசேகர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போகும்போதும் என்னிடம் பேசவில்லை.

சின்ன வெட்டு எத்தனையோ பேரைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தழும்பு என்பது மற்றவர்களுக்கு ஒரு சேதி என்பதை நாங்கள் யோசித்ததில்லை. பெரிய தழும்பைப் பார்த்தால் தூக்கச் சொல்லமாட்டார்கள், ஏறச் சொல்லமாட்டார்கள். தழும்பு தெரியாவிட்டால் நோயாளிதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எங்கே சொல்கிறார்கள்?

அடுத்த வருடம் அந்த ஆலையிலேயே எங்கள் மருத்துவமனை ஒரு இதயப் பரிசோதனை முகாம் போட்டது. இலவசம் என்றால்கூட இதற்கு யாரும் வரமாட்டார்கள், நாலு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்துப் போனோம். தகரக் கொட்டகைக்கு வெளியே வரிசை வளைந்து நின்றது. ஈ.சி.ஜி. எடுக்கப் படுத்த ஒருவரிடம் டாக்டர் காரணம் கேட்டார். "எங்க சிக்னல்மேன் அண்ணன் சட்டைய தொறந்து காட்டிட்டாரு சார். அத்த பாத்தப்புறம் மாருல சுருக்குன்னாலே பேஜாரா கீது" என்றார் அவர்.

இடைவேளையில் நானும் கிருபாகரனும் உலைக்கூடத்துக்குப் போனோம். தனசேகர் மஞ்சள் ஹெல்மெட்டோடு நடுவில் நின்றிருந்தார். சட்டையில் மேல் பட்டன்கள் போடவில்லை. வியர்வையில் தழும்பு மினுங்கியது. தலைக்கு மேலே லேடில் மெல்ல வந்துகொண்டிருந்தது. அவர் கை கீழ்நோக்கி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அது தரையில் இறங்கி நிலைக்கும்வரை எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பிறகு வந்து, "வாங்க சார்" என்றார், என்னைப் பார்த்து.

"பட்டன் போடலையா?" என்றேன்.

"இனிமே இன்னாத்துக்கு சார் மூடிகினு? பாக்கறவன் பாத்துட்டுப் போட்டும்."

கிருபாகரன் அந்த நீண்ட தழும்பை ஒரு கணம் பார்த்தார். தனசேகர் அண்ணாந்து கேபினைப் பார்த்தார். சுவரோரம் இரும்பு ஏணி செங்குத்தாகப் போனது. "டாக்டர், ஒரே ஒரு வாட்டி ஏறட்டா? லோடு ஒண்ணும் இல்லாம. சும்மா ஒக்காந்துட்டு எறங்கிடுறேன்" என்றார்.

டாக்டர் ஏணியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "வேணாங்க, தனசேகர்" என்றார்.

அந்த 'ங்க'வைக் கேட்டதும் பழக்க தோஷத்தில் என் கை பம்பின் கவ்வியைத் தேடியது. தனசேகருக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி சார்" என்று சொல்லி, என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக் காட்டினார். எதையும் அசைக்காதே, அப்படியே இருக்கட்டும். எனக்கு அப்போதுதான் மனது ஆறியது. நானும் கைகளைக் கோத்துக் காட்டினேன்.

வீடியோ காட்டிய அந்தப் பெண்ணின் கேள்விக்கு என் பதில் இதுதான். பயம் இருந்தது. வேலை போகவில்லை. காத்திருப்பதே வேலையாக மாறியது, அவ்வளவுதான்.

அன்று நாங்கள் கிளம்பும்போது உலைப் பக்கம் மணி அடித்தது. தனசேகர் தன் இடத்துக்குப் போய் நின்று கையை உயர்த்தினார். மேலே கேபினில் இருந்த புது ஆபரேட்டர் அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.